புட்டியும் பெட்டியும்

திராட்சை மதுவை வீட்டில் எவ்வாறு பாதுகாத்து வைப்பது என்பதைப் பற்றி ஒரு தோட்டக் கிராணி எழுதப் புகுந்தால், அதைக் காணும் அன்பர்களிற் பலர் முகஞ் சுளிப்பர் என்பதை நான் அறிவேன். கள்ளும் சம்சுவும் நம்மவர் லயங்களில் எத்தனை அடுப்புகளை அணைத்தன என்பதைக் கண்ணாரக் கண்டவர்களுக்கு மது என்னும் சொல்லே கசக்கும். எனக்கும் அப்படியே. நான் மது அருந்துபவனல்லன். அருந்துமாறு எவரையும் தூண்டுவதும் என் நோக்கமன்று. ஆயினும், பிறர் ஒருவருடைய இருபத்து நான்கு மதுப் புட்டிகளை ஆறு மாத காலம் காவல் காத்தபோது, என் வீட்டுக் கட்டிலின் அடியில் கிடந்த ஒரு தகரப் பெட்டியைப் பற்றிய உண்மை எனக்கு விளங்கிற்று. அவ்வுண்மை விளங்குவதற்கு என் அத்தையார் கொடுத்த விலை பெரிது. பிற வீட்டாரும் அவ்விலையைக் கொடாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதத் துணிந்தேன்.

ஜொகூர் மாநிலத்தின் உட்பகுதியிலுள்ள ஒரு தோட்டத்தில் நான் வேலை பார்க்கிறேன். ரப்பர்த் தோட்டமாக இருந்து செம்பனைத் தோட்டமாக மாறிவிட்ட எத்தனையோ தோட்டங்களுள் அதுவும் ஒன்று. என் தந்தையார் அங்கே புகைக் கூடத்தில் ரப்பர் ஷீட்டுகளை உலர்த்தும் வேலை செய்தவர். வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி என்னைப் பட்டணத்திலிருந்த ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தார். அதன் பயனாக நான் கணக்குப் புத்தகத்தின் முன் அமர்ந்தேன். தோட்டத்தாரைவிட நான்கு காரியங்கள் அதிகம் தெரிந்தவன் என்ற எண்ணமும் எனக்குள் அமர்ந்தது. அவ்வெண்ணத்தின் கதிதான் இனி நான் சொல்லப் போவது.

2018-ஆம் ஆண்டின் நடுவில் எங்கள் நிர்வாகி ஆறு மாத விடுப்பிற் செல்ல நேர்ந்தது. தோட்டத்தார் இன்றும் அவரைத் துரை என்றே அழைக்கின்றனர். புறப்படும் முன் அவர் என்னைப் பங்களாவுக்கு அழைத்து, ஓர் அறையின் மூலையிலிருந்த பேழையைக் காட்டினார். கறுத்த கண்ணாடிக் கதவும் குளிர்விக்கும் பொறியும் கொண்ட அப்பேழையினுள் இருபத்து நான்கு புட்டிகள் தொட்டிலிற் குழந்தைகள்போற் படுத்திருந்தன. அவருடைய பல்லாண்டுச் சேமிப்பு அது. நாள்தோறும் காலையில் வந்து, பேழையின் வெப்பத்தையும் ஈரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வைக்குமாறு அவர் கேட்டுக்கொண்டார். வெப்பம் 13 டிகிரி செல்சியஸ், காற்றின் ஈரம் நூற்றுக்கு 65, வெளிச்சம் படலாகாது, அசைவு கூடாது, புட்டி படுத்தே கிடக்க வேண்டும். இவ்வைந்துமே அவர் எழுதிக் கொடுத்த விதிகள்.

விதியைக் கொடுத்தால் காரணம் கேட்பது என் வழக்கம். அவரும் சலியாமற் சொன்னார். மது அடைக்கப்பட்ட பின்னும் புட்டிக்குள் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே இருக்கிறது. குளிர்ச்சியில் அம்மாற்றம் நிதானமாக நடக்கும். வெப்பத்தில் விரைந்து நடந்து சுவையைக் கெடுக்கும். நமது நாட்டு நண்பகலைப்போல் 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் சில வாரம் கிடந்த மது, வேகவைத்த பழத்தைப்போல் ஆகிவிடும். அன்றியும், வெப்பத்தால் மது விரிந்து தக்கையை வெளியே தள்ளும். மீண்டும் குளிரும்போது சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். காற்றுப் பட்ட மது நாளடைவிற் புளித்துக் காடியாகும். வெளிச்சமும் மதுவின் மணத்தைக் கெடுக்கும். ஆதலால்தான் பெரும்பாலான புட்டிகள் பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கின்றன. அசைந்தால் அடியிற் படிந்த மண்டி கலங்கும்.

தக்கையைப் பற்றி அவர் சொன்னது என் மனத்திற் பதிந்தது. போர்ச்சுகல், ஸ்பெயின் முதலிய நாடுகளில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் பட்டைதான் அத்தக்கை. ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை மேற்பட்டையை உரித்தெடுப்பார்களாம். மரம் சாவதில்லை, பட்டை மீண்டும் வளரும். பால்மரத்தின் பட்டையைக் காயம் படாமற் சீவிப் பிழைத்த குடியிற் பிறந்த எனக்கு அச்செய்தி உறவினர் ஒருவரைப் பற்றிய செய்திபோல் இருந்தது. அப்பட்டை காய்ந்தால் சுருங்கும். சுருங்கினால் காற்று புகும். புட்டியைப் படுக்க வைத்தால் மது தக்கையின் உட்புறத்தை நனைத்துக்கொண்டே இருக்கும்; காற்றிலுள்ள ஈரம் வெளிப்புறத்தைக் காக்கும். திருகு மூடியிட்ட புட்டிகளுக்கு இக்கவலை இல்லை. அவை நின்றாலும் கேடில்லை.

“ஈரம் மிகுந்தால் மது கெடுமோ?” என்று கேட்டேன்.

“மதுவுக்கு ஒன்றும் ஆகாது. மேலே ஒட்டியிருக்கும் சீட்டு பூசணம் பிடித்து அழியும். சீட்டு அழிந்தால், உள்ளே இருப்பது எந்த ஊர், எந்த ஆண்டு என்று யார் நம்புவார்கள்? விலை போகாது” என்றார் அவர்.

அதைக் கேட்டு நான் சிரித்தேன். உள்ளிருக்கும் பொருள் மாறாதிருக்க, மேலிருக்கும் காகிதத்தால் மதிப்பு மாறுவது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஐந்து மாதத்திற்குள் அச்சிரிப்பு அடங்கிற்று.

அவ்வாண்டு நவம்பரில் ஓர் இரவு, பருவமழை கொட்டிக்கொண்டிருந்தபோது தோட்டம் முழுதும் மின்சாரம் நின்றது. பேழையின் நினைவு வந்ததும் எழுந்தேன். குடையும் கைவிளக்குமாகப் பங்களாவுக்கு ஓடினேன். அங்கிருந்த மின்னாக்கியை இயக்க முயன்றேன், அது இயங்கவில்லை. பேழையைத் திறந்து பார்ப்பதும், மூடுவதும், மீண்டும் திறப்பதுமாகத் தவித்தேன். மூடிய பேழை தன் குளிர்ச்சியைப் பல மணி நேரம் தானே காக்கும் என்பதும், திறந்து பார்த்ததே நான் செய்த பெருந் தீங்கு என்பதும் பின்னர்தான் தெரிந்தன. பொழுது புலரும் நேரம் மின்சாரம் வந்தது. நனைந்த கோழிபோல் வீடு திரும்பினேன்.

அத்தையார் அடுப்படியில் இருந்தார். அவர் என் தந்தையாரின் தமக்கையார். என் தந்தையார் காலமானது முதல் எங்களுடன் வாழ்பவர்.

“ஏன் தம்பி, பங்களாவில் யாருக்கு உடம்புக்கு ஆகவில்லை?” என்று கேட்டார்.

“உடம்புக்கு ஒன்றுமில்லை, அத்தை. புட்டிகளுக்குச் சூடு பட்டுவிடக் கூடாதல்லவா?”

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, கோபமில்லாமலே சொன்னார்: “புட்டிக்கு இராத்திரி முழுதும் காவல் இருந்தாய். கட்டிலுக்கு அடியில் உன் பாட்டி பெட்டி நாறிக்கொண்டு கிடக்கிறதே, அதை ஒரு நாளாவது திறந்து பார்த்தாயா?”

அப்பெட்டியின் வரலாற்றை இங்கே கூறியாக வேண்டும். 1969-இல், குடியுரிமை இல்லாதவர் இந்நாட்டில் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, பல்லாயிரம் இந்தியத் தொழிலாளர் கப்பலேறிச் சென்றனர் அன்றோ? என் பாட்டனாரும் அவர்களுள் ஒருவர். ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. பாட்டியார் பிள்ளைகளுடன் தம் தமையனார் இருந்த தோட்டத்திற்குப் போய்விட்டார். பாட்டனாரின் தம்பி வீட்டில் அவருடைய தகரப் பெட்டி தங்கிவிட்டது. இரு வீட்டாருக்கும் ஏதோ மனத்தாங்கல். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் போக்குவரவு இல்லை. 2015-இல் அச்சின்னத் தாத்தா காலமானபின், அவர் மகனார் பழம்பகையை மறந்து அப்பெட்டியை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார்.

சின்னத் தாத்தா வீட்டில் அப்பெட்டி விறகடுப்பின் மேலிருந்த பரணில் இருந்ததாம். வந்தபோது அதன்மேல் விரற்கடை அளவு கரி படிந்திருந்தது. புகை நாற்றம் வீட்டை நிறைத்தது. திறந்து பார்த்தேன். மேலே ஒரு பழஞ்சேலை. உலர்ந்து, மடிப்புக் கலையாமல் இருந்தது. துணிதானே என்று மூடிவிட்டேன். “மேலே எங்காவது வை, தம்பி” என்றார் அத்தையார். ஆங்கிலம் படித்த கிராணியின் வீட்டில் கரிப் பெட்டியைக் கண்பட வைப்பதா? அதைக் கழுவித் துடைத்து, நெகிழித் தாளால் இறுகச் சுற்றி, கட்டிலுக்கடியில், குளியலறைச் சுவரை ஒட்டித் தள்ளிவிட்டேன். மூன்று ஆண்டுகள் அது அங்கேயே கிடந்தது.

அன்று காலை அதை வெளியே இழுத்தேன். நெகிழித் தாளின் உட்புறத்தில் நீர்த்துளிகள் நின்றன. மூடியைத் தூக்கியதும் எழுந்த நாற்றத்தை மழைக்கால லயத்தில் வாழ்ந்தவர் எவரும் அறிவர். சேலை சாம்பல் பூத்திருந்தது. அதனடியில் ஒரு நிழற்படம், கண்ணாடியோடு ஒட்டி முகம் இழந்திருந்தது. எல்லாவற்றிற்கும் அடியில், நான் 2015-இல் பார்க்கத் தவறிய ஒரு காகித உறை இருந்தது. அதற்குள் சில தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அவற்றுள் ஒன்று பிறப்புப் பத்திரம்.

என் அத்தையார் 1959-இல் இந்நாட்டிலே, தோட்டத்து லயத்திலே பிறந்தவர். மெர்டேக்கா நாளாகிய 1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 செப்டம்பர் முடியும்வரை இங்கே பிறந்தவர்கள், அரசியலமைப்பின்படி, ஏறக்குறைய எல்லாருமே பிறப்பால் குடிமக்கள். ஆனால் பிறந்ததைக் காட்டும் பத்திரம் வேண்டுமே! என் தந்தையாரின் பத்திரம் அவரைப் பள்ளியிற் சேர்ப்பதற்காக வெளியே எடுக்கப்பட்டது, அதனால் தப்பிற்று. அத்தையார் பெண் குழந்தை. பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று அக்காலத்தார் எண்ணினர். ஆதலால் அவர் பத்திரம் பெட்டியை விட்டு வெளிவரவே இல்லை. பன்னிரண்டாம் வயதில் அடையாள அட்டை எடுக்கப் போனபோது, காட்டுவதற்கு ஒன்றுமில்லாமற் போயிற்று. நிரந்தர வாசிக்குரிய சிவப்பு அட்டையே கிடைத்தது. பிறந்த மண்ணில் வாக்களிக்க உரிமையின்றி, கடவுச்சீட்டின்றி, அவர் ஆயுளின் பெரும்பகுதி கழிந்தது. பத்திரம் அழிந்துபோயிற்று என்றே எல்லாரும் நம்பியிருந்தோம்.

அது அழியவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதப் படிக்க அறியாத ஒரு முதியவரின் பரணில் நன்றாக இருந்தது. படித்தவன் வீட்டில் மூன்றே ஆண்டுகளில் அழியத் தொடங்கிற்று.

“அது என்ன சீட்டு, தம்பி?” என்றார் அத்தையார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. நான் வாசித்தேன்: தகப்பனார் பெயர், தாயார் பெயர், தோட்டத்தின் பெயர், 1959. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். “அப்படியென்றால் அது என்னுடையதா?” என்று மட்டும் கேட்டார்.

பதற்றத்தில் நான் இன்னொரு பிழையும் செய்தேன். பதிவெண்ணின்மேல் பூசணம் படர்ந்திருந்தது. ஈரத்தோடு இருந்த அத்தாளைத் துணியால் துடைத்தேன். பூசணத்தோடு கடைசி இரண்டு இலக்கங்களும் துணியில் வந்துவிட்டன.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. துரையின் சொல் திரும்பத் திரும்பக் காதில் ஒலித்தது. உள்ளிருக்கும் மது மாறவில்லை. சீட்டு அழிந்தால் விலை போகாது. என் அத்தையாரும் மாறவில்லை. அதே மண்ணிற் பிறந்த அதே பெண்தான். மேற்சீட்டு இல்லை என்பதால் ஐம்பது ஆண்டுகளாக நாடு அவரை வேற்றாளாக வைத்திருந்தது. புட்டிகளின் சீட்டுகளைக் காக்க நாள்தோறும் நோட்டிற் குறித்து வந்தவன், அத்தையின் சீட்டைக் காக்க அறியவில்லை.

பெட்டி ஏன் அவ்வாறு ஆயிற்று என்று பிறகு ஆராய்ந்தேன். நூற்றுக்கு இத்தனை ஈரம் என்று சொல்வதன் பொருள் இதுதான்: அப்போதைய வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு அதிலிருக்கிறது என்பதே அது. சூடான காற்றைப் பெரிய குடமென்றும், குளிர்ந்த காற்றைச் சிறிய குடமென்றும் எண்ணிக்கொள்ளுங்கள். பெரிய குடத்திற் பாதிக்குச் சற்று மேல் இருந்த நீர், சிறிய குடத்தில் விளிம்பைத் தொடும். 32 டிகிரியில் நூற்றுக்கு 60 ஈரமுள்ள காற்று 24 டிகிரிக்குக் குளிர்ந்தால், அதன் ஈரம் நூற்றுக்கு 95-ஐத் தாண்டிவிடுகிறது; இன்னும் சிறிது குளிர்ந்தால் நீராகவே படிகிறது. எங்களுக்கு அண்மையிலுள்ள சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரம் நூற்றுக்கு 82 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். விடியற்காலையில் 90-க்கு மேல். மழையில்லாத பிற்பகலில் ஏறக்குறைய 60. பூசணமோ 65, 70-க்கு மேற்பட்ட ஈரம் நாட்கணக்கில் நிலைத்தாலே முளைக்கத் தொடங்கிவிடும். அதற்கு உணவு காகிதமும், பருத்தியும், பசையுந்தான்.

மழைநாளில் நான் பெட்டியை நெகிழித் தாளாற் சுற்றியபோது, ஈரக் காற்றையும் சேர்த்தே சுற்றினேன். குளிர்ந்த சிமிட்டித் தரையும் குளியலறைச் சுவரும் அக்காற்றைக் குளிர்வித்தன. வெளியேற வழியின்றி ஈரம் உள்ளேயே படிந்தது. சின்னத் தாத்தாவின் பரணிலோ, நாள்தோறும் இருவேளை விறகின் வெப்பம் மேலெழுந்து காற்றை உலர்த்திற்று. புகை பூச்சிகளை விரட்டிற்று, பூசணத்தையும் தடுத்தது. என் தந்தையார் புகைக் கூடத்தில் செய்ததும் அதுவே. ரப்பர் ஷீட்டுகளை 40 முதல் 60 டிகிரி வரையுள்ள வெப்பத்திலும் புகையிலும் சில நாட்கள் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். ஈரம் போகாத ஷீட்டிற் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்ததற்குத் தரங் குறையும். என் தந்தையார் நாளும் செய்த தொழிலின் காரணத்தை அவர் உயிரோடு இருந்தபோது நான் ஒருமுறையும் கேட்டதில்லை. பழையன யாவும் அறிவு என்று சொல்ல வரவில்லை. பழையதாயினும் காரணம் கேட்டுப் பார்த்தே தள்ள வேண்டும் என்கிறேன். நான் கேளாமலே தள்ளினேன்.

இனி, நான் கற்றவற்றுள் வீட்டிற்குப் பயன்படுவனவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, அளந்து பாருங்கள். காற்றின் ஈரத்தைக் காட்டும் சிறு கருவி இன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. அலமாரிக்குள் ஒரு வாரம் வைத்துப் பார்த்தால் எந்த இடம் பகை, எந்த இடம் நட்பு என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது, ஈரத்தை வீட்டிற்குள் உண்டாக்காதீர்கள். துணியை அறைக்குள் உலர்த்தினால் அத்துணியின் நீர் முழுதும் அறைக் காற்றிலேயே சேர்கிறது. சமையல் ஆவியும் குளியலறை ஆவியும் நேரே வெளியே போக வழி செய்யுங்கள். மழையில்லாத நாளில் நண்பகல் முதல் மாலை நான்கு மணி வரை சன்னல்களைத் திறந்து வையுங்கள். அப்போதுதான் வெளிக்காற்று உலர்ந்தது. மழையிலும் இரவிலும் அலமாரிகளை மூடி வையுங்கள். குளிர்பதனப் பொறி ஓடும்போது அறை உலரும். நிறுத்திவிட்டுச் சன்னலைத் திறந்தால் குளிர்ந்த பொருள்கள்மேல் ஈரம் படியும். ஈரம் உறிஞ்சும் பொறி வாங்க வசதியுள்ளவர்கள் கதவுகளை அடைத்தே அதை இயக்க வேண்டும். திறந்த வீட்டில் இயக்குவது கடலை இறைப்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, வீடு முழுவதையும் உலர்த்த முடியாதவர்கள் ஒரு பெட்டியையாவது உலர்த்தலாம். பத்திரங்களை ஒரு வெயில் நாளின் பிற்பகலில், காற்றுப் புகாத மூடியுள்ள பெட்டியில் வைத்து, உள்ளே சிலிகா ஜெல் பொட்டலங்களை இடுங்கள். நிறம் மாறும் வகை கிடைக்கிறது. ஆரஞ்சு நிறமாக இருப்பது ஈரம் நிறைந்ததும் பச்சையாகும். அம்மணிகளை ஏறக்குறைய 120 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைத்தால் மீண்டும் பயன்படும். நாப்தலின் உருண்டை பூச்சியை விரட்டும், ஈரத்தை உறிஞ்சாது. பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, வீட்டின் உட்சுவர்ப் பக்கம் வையுங்கள். மூன்று மாதத்திற்கு ஒருமுறை திறந்து பாருங்கள். பழைய பத்திரத்தை நெகிழி உறையிட்டுச் சூட்டால் ஒட்டிவிடாதீர்கள். பிறகு அதைப் பிரிக்க இயலாது.

நான்காவது, பூசணம் பிடித்துவிட்டால் என்னைப்போல் துடைக்காதீர்கள். நிழலில், காற்றோட்டத்தில் முதலில் முற்றும் உலர விடுங்கள். பிறகு மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வீட்டிற்கு வெளியே, மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். எழுத்து மங்கியிருந்தால், கைவிளக்கைத் தாளின் பக்கவாட்டிற் சாய்த்துப் பிடித்தால் பேனா அழுந்திய தடம் தெரிவதுண்டு.

வீட்டில் ஒரு மதுப் புட்டி பரிசாக வந்து கிடந்தால் என் செய்வது என்று கேட்பவர்க்கும் விடை சொல்லிவிடுகிறேன். கடைகளில் விற்கும் மதுவிற் பெரும்பகுதி ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் அருந்துவதற்கென்றே செய்யப்படுவது. வைத்திருப்பதால் அது சிறப்படையாது. அடுப்பருகிலும், குளிர்சாதனப் பெட்டியின் மேலும் அதை வைக்கலாகாது. அங்கே வெப்பம் மிகுதி. குளிர்சாதனப் பெட்டிக்குள் சில வாரம் இருக்கலாம்; பல மாதம் இருந்தால் அங்குள்ள உலர்ந்த காற்றினால் தக்கை காயும். திறந்த புட்டியை மூடிக் குளிரில் வைத்தாலும் மூன்று முதல் ஐந்து நாட்களே தாங்கும். ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: புட்டிக்கு ஏற்ற ஈரம் 60 முதல் 70, காகிதத்திற்கு ஏற்றதோ 55-க்குக் கீழ். இரண்டையும் ஒரே பேழையில் வைப்பவர் ஒன்றை இழப்பார்.

அத்தையாரின் காரியம் என்ன ஆயிற்று என்று அறிய விரும்புவீர்கள். மேலே சொன்னவாறு விளக்கைச் சாய்த்துப் பார்த்ததில், நான் துடைத்தழித்த இரண்டு இலக்கங்களுள் ஒன்றின் தடம் தெரிந்தது. மற்றதன் தடம் தெரியவே இல்லை. ஓர் இலக்கம் தெரியாவிட்டால் பத்துப் பதிவுகளைத் தேட வேண்டும். எழுதிய விண்ணப்பங்களுக்கும் நின்ற வரிசைகளுக்கும் கணக்கில்லை. 2020 மார்ச்சு 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததால் பல மாதம் ஒன்றும் நகரவில்லை. ஒவ்வொரு முறை வெறுங்கையோடு திரும்பும்போதும் அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்ததில்லை. அது எனக்குக் கடிந்ததைவிடக் கடுமையாக இருந்தது. இறுதியில் பதிவு கிடைத்தது. 2021-இல், அறுபத்திரண்டாம் வயதில், அவர் கைக்கு நீல அட்டை வந்தது. 2022 நவம்பர் 19-இல் நடந்த பொதுத் தேர்தலில் அவர் தம் வாழ்நாளில் முதல் தடவையாக வாக்களித்தார். மை தடவிய விரலை நனைக்காமல் அன்று முழுதும் தூக்கியே வைத்திருந்தார்.

துரையோ, விடுப்பு முடிந்து திரும்பியதும் தம் புட்டிகள் நலமாக இருப்பதைக் கண்டு மகிழ்ந்தார். நான் எழுதி வந்த நோட்டைப் புரட்டிப் பார்த்து, எனக்கு ஒரு புட்டியைப் பரிசாக நீட்டினார். அதை மறுத்து, பழைய ஈரமானி ஒன்று இருந்தால் கொடுக்குமாறு கேட்டேன். காரணத்தைச் சொன்னதும், பேழையினுள் இருந்ததையே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அது இப்பொழுது எங்கள் வீட்டுப் பத்திரப் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டி கட்டிலுக்கடியில் இல்லை. அத்தையார் முதலிற் சொன்னபடி மேலே இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து எண்ணைக் குறிக்கிறோம். நோட்டில் எழுதுபவன் நான் அல்லேன். அறுபது வயதுக்கு மேல் எண்களைக் கற்றுக்கொண்ட என் அத்தையாரே எழுதுகிறார். சென்ற மாதம் அவர் எழுதிய எண் 48.

நம்மவர் வீடுகளில், லயத்திலாயினும் பட்டணத்து அடுக்குமாடியிலாயினும், கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி இல்லாத வீடு அரிது. அதற்குள் யாருடைய பெயர், யாருடைய ஊர், யாருடைய உரிமை ஈரத்தில் ஊறிக்கொண்டிருக்கிறதோ, யாரறிவார்? ஆதலின் அன்பர்களே, வரும் ஞாயிற்றுக்கிழமை மழையில்லாத பிற்பகலாக வாய்த்தால், அதை வெளியே இழுத்துத் திறந்து பாருங்கள். வீட்டிலுள்ள முதியவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தாள் யாருடையது என்று அவர்களுக்கு வாசித்துச் சொல்லுங்கள்.